தேனுண்ணி அல்லாத தேனுண்ணி

ஹவாய்த் தீவுகளின் ‘ஓஓ’ப் பறவைகளை, அதாவது மோஹோ என்னும் பேரினத்தை, நாம் நெடுங்காலம் தேனுண்ணிகள் என்றே எண்ணியிருந்தோம். வளைந்த அலகு, தூரிகைபோல் நுனி பிரிந்த நாக்கு, பூந்தேன் உணவு; ஆஸ்திரேலியத் தேனுண்ணிகளோடு உறவு சொல்ல வேறென்ன வேண்டும்? தொழிலைக் கண்டு குலம் குறிப்பது நமக்குப் பழகிய பிழைதானே! 2008இல் ஃபிளைஷர், ஜேம்ஸ், ஓல்சன் ஆகிய மூவரும் அருங்காட்சியகங்களில் கிடந்த பதப்படுத்திய உடல்களிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தனர். உறவு தேனுண்ணிகளோடன்று, வடபுலத்து மெழுகுச்சிறகன் முதலியவற்றோடு. அலகும் நாவும் தேனுக்கெனத் தனியே திருந்தியவை. மோஹோயிடே எனப் புதுக் குடும்பமே வகுக்க நேர்ந்தது. அதன் ஐந்து இனங்களுள் ஒன்றேனும் அன்று உயிரோடில்லை. மஞ்சள் இறகுகள் அரசர்தம் மேலாடைகளில் எஞ்சியிருந்தன. கவாயித் தீவின் கடைசி ஓஓவின் குரல் 1987இல் கேட்டதோடு சரி.