வாளும் மந்திரமும் வன்னி நாடும்

கையில் ஒரு வாளும் நெஞ்சில் அஞ்சாமையும் அன்றி வேறு துணையில்லாத ஒருவன் மந்திரவாதியின் குகைக்குள் நுழைகின்றான் என்று கதை தொடங்குமாயின், கேட்போர் தம் வேலையை மறந்து செவிசாய்ப்பர். இவ்வகைக் கதையை விரும்பாத மக்கட்கூட்டம் உலகில் இல்லை எனலாம். மேனாட்டில் இதற்கெனத் தனி வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டின் மலிவுவிலைச் சஞ்சிகைகளுள் ஒன்றாகிய ‘வியர்ட் டேல்ஸ்’ 1932ஆம் ஆண்டு டிசெம்பர் இதழில், றொபேட் ஹவார்ட் என்பார் கோனன் என்னும் முரட்டு வீரனை முதன்முதலாக உலவவிட்டார். 1961இல் பிறிற்ஸ் லைபர் என்னும் எழுத்தாளர் இக்கதைகளுக்கு ‘வாளும் மந்திரமும்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். கோனன் வெள்ளித்திரையை அடைந்தது 1982இலேயே. ஆயினும், பெயர் பிறக்குமுன்னரே பொருள் திரையில் தோன்றிவிட்டது. பாக்தாத்துத் திருடனின் கதை 1924இல் ஊமைப்படமாக வந்தது. 1940இல் வண்ணப்படமாக மீண்டும் வந்தபோது, அதில் திருடனாக நடித்தவர் மைசூர் நாட்டிற் பிறந்த சாபு என்னும் இளைஞர்.

தமிழ்த் திரையுலகமும் இக்கதைகளில் பின்தங்கி நிற்கவில்லை. எஸ். எஸ். வாசன் 1948இல் அளித்த ‘சந்திரலேகா’வில் மாபெரும் முரசங்களின் மேல் நடனம் நிகழ்கின்றது, நடனம் முடிந்ததும் அம்முரசங்களுக்குள்ளிருந்து போர்வீரர் வெளிப்பட்டுக் கோட்டையைத் தாக்குகின்றனர். 1951இல் வெளிவந்த ‘மர்மயோகி’, அதிலுள்ள பேயுருவக் காட்சிகளின் பொருட்டு, வயதுவந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் சான்றிதழைப் பெற்றது. அதே ஆண்டில் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது ‘பாதாள பைரவி’. வீரமிக்க இளைஞன் ஒருவனைப் பலியிட்டால் தெய்வத்தின் வரத்தைப் பெறலாம் என எண்ணி வரும் மந்திரவாதியும், அரசிளங்குமரியின்மேற் காதல்கொண்ட தோட்டக்காரன் மகனும் அதில் எதிர்ப்படுகின்றனர். இளைஞன் சூழ்ச்சியை உணர்ந்து, பலியிட வந்தவனையே பலியிட்டு வரத்தைத் தான் பெறுகின்றான். டி. ஆர். ராமண்ணாவின் ‘குலேபகாவலி’ 1955இலும், முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் வந்தன.

இப்படங்களைச் சேர்த்து நோக்குமிடத்து இரண்டு இயல்புகள் புலப்படும். முதலாவது, வீரன் பெரும்பாலும் எளிய நிலையினன். அன்றேல், தன் உரிமையை இழந்து எளியவனாய் வாழ்பவன். இரண்டாவது, மந்திரம் எவ்வளவு வலியதாயினும், அஞ்சாத ஒருவன் முன் அது தோற்கும். ஹவார்ட் படைத்த கோனனும் இவ்விரண்டுக்கும் உரியவனே. ஆனால் அவன் தெய்வத்தை நம்பி நிற்பவனல்லன். அவனுடைய தெய்வம் அடியவர் குரலுக்குச் செவிசாய்ப்பதும் இல்லை. தமிழ் வீரனோ தனியனாய்ச் செல்லும்போதும் ஒரு தாயின் மகனாகவே செல்கின்றான். இவ்வேறுபாடு தமிழ்த் திரையில் உண்டானதன்று. அதற்கு முற்பட்ட கூத்து மரபிலிருந்து வந்தது. அம்மரபு இன்னும் உயிர்த்துடிப்போடு விளங்கும் இடங்களுள் ஒன்று, ஈழத்து வன்னி நாடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என விரிந்து கிடப்பது வன்னிப் பெருநிலம். காடும் குளமும் வயலுமாய் அமைந்த அந்நிலத்தில், அற்புதம் அன்றாட வாழ்வுக்குப் புறம்பானதன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீரில் விளக்கெரியும் என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை. கோவலன் கூத்து அங்கே முல்லை மோடி என்னும் தனி ஆட்டமரபில் ஆடப்பெறுகின்றது. காத்தவராயன் கூத்தோ, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சிந்துநடையில் விடியவிடிய நிகழ்வது.

காத்தவராயன் கதையில் வாள்வீரப் படங்களுக்கு வேண்டிய யாவும் உள்ளன. எட்டாத இடத்தில் இருக்கும் ஆரியப்பூமாலையை அவன் விரும்புகின்றான். தாயாகிய முத்துமாரி தடுத்தும் கேளாது, மாறுவேடங்கள் புனைந்தும் உருவம் மாறியும் அவளை நெருங்குகின்றான். மந்திரத்தில் வல்ல சின்னான் அவனுக்குத் துணைவனாகின்றான். முடிவில் எதிர்நிற்பது கழுமரம். குல வரம்பைக் கடந்த காதலுக்கு உலகம் விதித்த தண்டனை அது. கதையின் வீரம் பகைவனை வெட்டி வீழ்த்துவதில் இல்லை. தனக்கென நாட்டப்பெற்ற மரத்தை நோக்கித் தானே நடந்து செல்வதில் உள்ளது.

திரையுலகம் இக்கதையை இருமுறை எடுத்தாண்டது. 1941இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘ஆர்யமாலா’ வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 1958இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘காத்தவராயன்’ வந்தது. பின்னதை இயக்கியவர், ‘குலேபகாவலி’யை அளித்த அதே ராமண்ணா என்பது கருதத்தக்கது. குருடான அரசனுக்காக மாயமலரைத் தேடும் பாரசீகக் கதையையும், நாட்டுத் தெய்வத்தின் கதையையும் ஒரே இயக்குநர் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே திரைக்குக் கொணர்ந்தார். இரண்டும் ஓரினம் என்பதைத் திரைத்தொழில் நன்கறிந்திருந்தது.

எனினும், கூத்துக்கும் படத்துக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. திரையில் ஒருவன் கிளியாக மாறுவானாயின், ஒளிப்பதிவாளர் படச்சுருளை நிறுத்தியும் இணைத்தும் கண்ணை மயக்குகின்றார். கூத்துக் களரியில் அத்தகைய கருவி எதுவும் இல்லை. பாட்டு, மாற்றத்தை அறிவிக்கின்றது. பார்ப்போர் நெஞ்சம் அதனை நிறைவேற்றுகின்றது. மேலும், மாரியம்மன் கோயில்களில் இக்கூத்தை நேர்த்திக்கடனாக ஆடுவிப்போர் பலர். காத்தானாக வேடம்புனைந்தவர் விடியற்பொழுதில் கழுமரத்தில் அடியடியாக ஏறும்போது, கூடியிருப்போர் நடிகரைக் காண்பதில்லை. தங்கள் பிள்ளையைக் காண்கின்றனர். படமாளிகையில் பெறும் வியப்பு வெளிச்சம் வந்தவுடன் கலைந்துவிடும். களரியில் பெறும் வியப்பு, நோய் தீர்ந்ததற்கும் பிள்ளை பிழைத்ததற்கும் செலுத்தும் நன்றியோடு கலந்து வீட்டுக்குச் செல்கின்றது.

கூத்துக் கதையேயன்றி, வன்னி மண்ணிலே பிறந்த வீரக் கதைகளும் உண்டு. அவற்றுள் தலையாயது அரியாத்தையின் கதை. அதனை உணர்வதற்கு அந்நாட்டின் யானை வாணிகத்தைச் சிறிது அறிதல் வேண்டும். வன்னிக் காட்டு யானைகளைப் பிடித்துப் பழக்குவோர் பணிக்கர் எனப்பட்டனர். வன்னியர் என்னும் சிற்றரசர், போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகச் செலுத்தினர். அவை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பெற்று, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆகவே, யானை பிடிப்பவனின் துணிவு ஒரு வேடிக்கையன்று; நாட்டின் திறையும் தலைவனின் மானமும் அதனைப் பற்றி நின்றன.

அத்தகைய பணிக்கருள் ஒருவன் வேலப்பணிக்கன். அவன் மனைவி அரியாத்தை. ஆடவர் பிடிக்க இயலாத மதயானையை அவள் தனியே சென்று அடக்கிக் கொணர்ந்தாள் என்று வன்னி நாட்டார் பாடல் கூறும். அதன்பின் நிகழ்ந்தது கொண்டாட்டமன்று. பொறாமை கொண்டோர் வெற்றிலையில் நஞ்சிட்டு அவளைக் கொன்றனர். அதனாலேயே அப்பாடல் வெற்றிப் பாடலாக அமையாமல் ஒப்பாரியாக அமைந்தது. காட்டு விலங்கை வென்றவளை ஊராரின் வஞ்சம் வென்றது.

பண்டாரவன்னியனின் வரலாறும் இத்தகையதே. அவன் 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். இரண்டு திங்கள் கழிந்து, ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அவ்விடத்தில் நாட்டப்பெற்ற நினைவுக்கல் ஆங்கிலப் படையின் வெற்றியைக் கூறியது. மக்களோ தோற்றவனின் பெயரையே தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணி அவ்வரலாற்றை நாடகமாக்கினார். தமிழகத்தில் மு. கருணாநிதி 1991இல் அதனை நாவலாக வெளியிட்டார். 1950இல் ‘மந்திரி குமாரி’ என்னும் வாள்வீரப் படத்துக்கு உரையாடல் எழுதியவரும் அவரே. தன்னைக் கொல்ல முயன்ற கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளும் பெண்ணின் பழங்கதை, குண்டலகேசியிலிருந்து அப்படத்துக்கு வந்தது. திரைக்கு வந்த அத்துணிவுக்கும் வன்னிக் காட்டில் ஒலித்த அரியாத்தையின் துணிவுக்கும் உறவு இல்லையென்று சொல்லுதல் இயலாது.

ஆயினும், முடிவு என்று வரும்போது இரண்டும் பிரிந்து நிற்கின்றன. திரைப்படத்து வீரனுக்கு முடியும் மணமாலையும் காத்திருக்கின்றன. வன்னிக் கதைகளில் வீரம் வெல்கின்றது; வென்றவர் வாழ்வதில்லை. படத்தைப் பார்த்தவன் தானும் ஒருநாள் வெல்வேன் என்னும் ஊக்கம் பெறுகின்றான். ஒப்பாரியைக் கேட்டவனோ, வென்றவரைக் காத்தல் தன் கடமை என்று உணர்கின்றான். முன்னது இன்பம் தருவது. பின்னது ஒரு சமூகத்தின் மனச்சான்றைத் தட்டி எழுப்புவது.

2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஏறத்தாழ அனைவரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்திருந்தனர். வீட்டையும் வயலையும் இழந்தோர் ஏட்டையும் கொப்பியையும் எங்ஙனம் காப்பர்? திரைப்படத்துக்குப் படச்சுருளின் பிரதிகள் பல ஊர்களில் இருக்கும். கூத்துக்கோ அண்ணாவியாரின் நினைவே பிரதி. ஓர் அண்ணாவியார் மறையும்போது, அவர் கற்பித்த மெட்டும் ஆட்டமுறையும் அவரோடு மறையக்கூடும். இந்நிலையிலும் மக்கள் மீளக் குடியேறிய ஊர்களில் கூத்துகள் ஆடப்படுகின்றன என்பது, அவை பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்பதற்குச் சான்று.

இனி வருங்காலத்தில் அரியாத்தையையோ பண்டாரவன்னியனையோ திரைக்குக் கொணர விழைவோர், யானையையும் காட்டையும் கோட்டையையும் மிகத் திறமையாகக் காட்டலாம். இன்றைய கருவிகளுக்கு அவை அரியனவல்ல. அவர்கள் விழிப்போடு காக்க வேண்டியது கதையின் முடிவையே. மகிழ்ச்சியான முடிவொன்றைப் புனைந்து அரியாத்தையைப் பிழைக்கவைத்தால் பார்ப்போர் கைதட்டுவர்; ஆனால், நஞ்சிட்ட வெற்றிலையை நீட்டிய கை எது என்ற கேள்வியைக் கேட்க எவரும் இருக்கமாட்டார். அக்கேள்வியைக் காப்பதற்காகவே வன்னி மக்கள் அக்கதையை ஒப்பாரியாகப் பாடிவந்தனர்.