கொச்சி முதல் எறையூர் வரை

1580-ல் கொச்சியில் ஒரு தமிழ் நூல் அச்சேறியது. பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர் தம்மைத் தாமே எப்படிச் சோதித்துக்கொள்வது என்று கற்பிக்கும் நூல் அது. அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னர்தான் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்திருந்தது. ஆக, தமிழ் அச்செழுத்து பிறந்த கையோடு மனச்சாட்சியை ஆராயும் வேலைக்கு வந்துவிட்டது.

நூலைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்ற இயேசு சபைக் குரு. தமக்கு முன் வழக்கிலிருந்த தமிழ்ச் செபங்களில் பிழைகளைக் கண்டு அவற்றைத் திருத்தியவரும் அவரே.

வீரமாமுனிவர் இந்தச் சோதனையைப் போதிப்பவர் பக்கம் திருப்பினார். குருக்கள் குறைவு, ஊர்களோ பல. பூசைக்குக் குரு வரும்வரை செபம் சொல்லிக்கொடுப்பதும் சாகக் கிடப்பவரைத் தேற்றுவதும் உபதேசியாரின் பொறுப்பு. அவர் வாழ்வு பிசகினால் ஊரின் விசுவாசமே ஆட்டங்காணும். வேதியர் என்றும் அழைக்கப்பட்ட இந்த உபதேசியார்களுக்காகவே முனிவர் 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஊருக்குப் புத்தி சொல்பவர் முதலில் தம் நடத்தையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த நூலின் அக்கறை.

தனி மனிதருக்கு இப்படி வழிகாட்ட நூல்கள் இருந்தன. ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் பாவத்தை யார் சுட்டுவது?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிவாரியாகப் பிரிந்து நிற்கக் கோயிலுக்குள்ளேயே தடுப்புச் சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை அதை இடித்தது. பழைய ஏற்பாடே வேண்டும் என்று ஒரு தரப்பார் ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தனர். 1917-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சுவர் போன பிறகும் பிரிவினை போகவில்லை. உளுந்தூர்பேட்டை வட்டாரத்து எறையூர் அதற்குச் சாட்சி. அங்கே செபமாலை மாதா கோயில் பெரிய பங்கு. எங்கள் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியே கோயிலுக்குப் போக முடியவில்லை, கல்லறையும் தனி என்று முறையிட்ட தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று அவர்களுக்கும் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே மாதாவை வணங்கும் ஊரில் நடந்த சாவுகள் இவை.

2003-லேயே போப் இரண்டாம் யோவான் பவுல், தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டுக்கு இடமில்லை என்று வலியுறுத்தியிருந்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. நூற்றாண்டுகளாகப் பிறர் பாவத்தைக் கேட்டு வந்தவர்கள் இப்போது தங்கள் வீட்டுக் குற்றத்தை ஊரறியச் சொன்னார்கள். தவறை முதலில் எடுத்துக் காட்டியவர்களோ தெருவில் மறிக்கப்பட்டவர்கள்தான். அவர்கள் பேசியிராவிட்டால் அந்த ஆவணத்துக்கே தேவை எழுந்திருக்காது. அதன் சொற்கள் எவ்வளவு தூரம் நிறைவேறின என்பதை இனி ஒவ்வொரு பங்கின் கல்லறையிலும் சவ ஊர்வலப் பாதையிலும்தான் பார்க்க வேண்டும்.