பிரிண்டர் வேலை செய்யலைன்னா உஷார்!

இந்த எபிசோடுக்கான கேள்வி தாண்டிக்குடியில கிடைச்சது. கொடைக்கானல் தாலுகாவுல காபியும் மிளகும் விளையுற ஊர். நான் சாஃப்ட்வேர் வேலைன்னு தெரிஞ்சதும் அங்க ஒரு காபி வியாபாரி கேட்டார்: "ஏஐ வச்சு வைரஸ் பண்றாங்களாமே தம்பி, எங்கள மாதிரி சின்னக் கடைக்கு அது எதுக்கு வரப்போகுது?"

பதில் சொல்ல 2016-க்குப் போகணும். அந்த பிப்ரவரியில வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள்ள மால்வேர் புகுந்திருந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ்ல அந்த வங்கிக்கு இருந்த கணக்குல இருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க, ஸ்விஃப்ட் வழியா 35 திருட்டு உத்தரவுகள் போச்சு. ஸ்விஃப்ட்னா, நாடு விட்டு நாடு பணம் அனுப்பச் சொல்லி வங்கிகள் ஒன்னுக்கொன்னு தகவல் கொடுத்துக்கிற நெட்வொர்க். அந்தத் தகவல்கள் தானாகவே ஒரு பிரிண்டர்ல அச்சாகும். மால்வேர் அதையும் முடக்கிருச்சு. ஊழியர்கள் வழக்கமான கோளாறுன்னு நினைச்சாங்க.

8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிருச்சு. இலங்கைக்கு அனுப்பின 2 கோடி தப்பிச்சது. காரணம், பணம் போக வேண்டிய அமைப்போட பேர்ல 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்'னு அடிச்சிருந்தாங்க. இடையில இருந்த டாய்ச்சு வங்கிக்கு அது உறுத்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2018 பிப்ரவரியில, நம்ம கும்பகோணம். 1904-ல தொடங்கின சிட்டி யூனியன் வங்கி. அதே ஸ்விஃப்ட், அதே பிரிண்டர் முடக்கம். கிட்டத்தட்ட 20 லட்சம் டாலருக்கு மூணு திருட்டு உத்தரவுகள். பிப்ரவரி 7-ம் தேதி கணக்கை ஒத்துப் பார்த்தப்பதான், தாங்க அனுப்பாத மூணு அதுல இருக்குன்னு வங்கிக்குத் தெரிஞ்சது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது.

ஆக, ரெண்டு கதையிலயும் காப்பாத்தினது ரெண்டு விஷயம்: திருடனோட எழுத்துப்பிழை, வங்கியோட கணக்குப் பார்க்கிற பழக்கம்.

முதல் விஷயத்தை ஏஐ காலி பண்ணிருச்சு. பிழையே இல்லாத மெயிலை இப்போ யாரு வேணும்னாலும் எழுதலாம், தமிழ்லயும்தான். முகம், குரல்கூட அப்படித்தான். 2024 தொடக்கத்துல ஆரப் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருத்தருக்கு மெயிலைப் பார்த்தப்போ சந்தேகம் வந்துச்சு. ஆனா வீடியோ காலில் மேலதிகாரிகளைப் 'பார்த்ததும்' நம்பிட்டார். 20 கோடி ஹாங்காங் டாலர் போச்சு.

மால்வேரும் மாறுது. தெரிஞ்ச வைரஸோட அடையாளத்தை வச்சுப் பிடிக்கிறது ஆன்டிவைரஸின் பழைய வழி. தன் கோடை மாத்தி எழுதித் தரச் சொல்லி ஜெமினிகிட்டயே கேட்கிற ஒரு மால்வேரை, சோதனை நிலையில இருந்தப்பவே பார்த்ததா 2025 நவம்பர்ல கூகுள் சொன்னது. அடையாளம் மாறிக்கிட்டே இருந்தா பழைய வழி மட்டும் போதாது.

இப்போ அண்ணனோட கேள்விக்கு வர்றேன். முன்னாடி ஒரு சின்னக் கடையைக் குறிவச்சு உக்காந்து மெயில் எழுதுறது திருடனுக்குக் கட்டுப்படி ஆகாது. ஏஐ அந்தக் கூலியைக் கிட்டத்தட்ட இல்லாம ஆக்கிருச்சு. சின்னதா இருக்கிறது இனிமே பாதுகாப்பு இல்ல.

அதனால மூணு வேலை. "அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சு"ன்னு தகவல் வந்தா, ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. பெரிய தொகைன்னா ரெண்டு பேர் பார்த்த பிறகே அனுப்புங்க. கணக்கை ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி வையுங்க. ரான்சம்வேர் வந்தா அதுதான் மிஞ்சும். இதையும் மீறிப் பணம் போச்சுன்னா, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

கடைசியா ஒன்னு. அந்த அண்ணன் தினமும் ராத்திரி பில் புக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்துல வச்சு, வரிவரியா டிக் அடிக்கிறார். "ஆப் இருக்கும்போது எதுக்குண்ணே?"ன்னு அன்னைக்குச் சிரிச்சேன். கும்பகோணம் கதையைப் படிச்ச பிறகு சிரிப்பு வரல. இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா அண்ணே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுராதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.