'மீடியம்-சைஸ்ட்': பாரத்தில் குறியிடும் முன் கணக்கைப் பாருங்கள்

கோலா கெத்தில் - தொழில் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது வணிகத்தின் அளவைக் குறிப்பிட வேண்டியிருக்கும். மலாயில் மைக்ரோ, கெச்சில், செடெர்ஹானா என மூன்று பிரிவுகள். ஆங்கிலத்தில் செடெர்ஹானாவுக்கு ஈடாக 'மீடியம்' அல்லது 'மீடியம்-சைஸ்ட்' என்று வரும். நம் கடை பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை என்று நினைப்பவர் அதையே தேர்ந்தெடுத்துவிடக்கூடும்.

மலாயில் 'செடெர்ஹானா' என்றால் எளிமை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. நடுத்தர அளவு என்பது மட்டுமே. நாம் சொல்லும் 'நடுத்தரக் குடும்பம்' ஆங்கிலத்தில் 'மிடில் கிளாஸ்'. அதற்கு 'மீடியம்-சைஸ்ட்' பொருந்தாது.

பயன்படுத்தும் முறை எளிது. பொருளின் பெயருக்கு முன் வரும்: 'எ மீடியம்-சைஸ்ட் பேக்' (நடுத்தர அளவிலான பை). நிறத்தையும் சொல்வதானால் அளவு முதலில், நிறம் பிறகு: 'எ மீடியம்-சைஸ்ட் ரெட் பேக்'. கடைசி 'ட்' ஒலியை விட்டுவிடக்கூடாது. பெயருக்கு முன் எழுதும்போது இரு சொற்களுக்கும் நடுவே சிறுகோடு இட வேண்டும்.

பேச்சில் இந்தச் சொல்லுக்குத் திட்டமான அளவு கிடையாது. நடுத்தர மீன் வேறு, நடுத்தர வீடு வேறு. ஆனால் வணிகத்துக்கு எண் உண்டு. 2014 முதல் நடப்பில் உள்ள எஸ்எம்இ கார்ப் வரையறைப்படி, சேவை மற்றும் இதர துறைகளில் ஆண்டு விற்பனை 30 லட்சம் முதல் 2 கோடி ரிங்கிட் வரை, அல்லது முழுநேரப் பணியாளர்கள் 30 முதல் 75 பேர் வரை இருந்தால்தான் அது 'மீடியம்'. உற்பத்தித் துறையில் 1.5 கோடி முதல் 5 கோடி ரிங்கிட், அல்லது 75 முதல் 200 பேர். எந்தத் துறையானாலும் விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவு, அல்லது பணியாளர்கள் ஐவருக்கும் குறைவு என்றால் அது மைக்ரோ.

விற்பனை ஒரு பிரிவையும் ஆள்பலம் வேறு பிரிவையும் காட்டினால், சிறிய பிரிவே கணக்கில் வரும். மூன்று பேர் வேலை செய்யும் மளிகைக் கடை, ஊரார் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், பாரத்தில் மைக்ரோதான்.

இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. மைக்ரோ வணிகத்துக்கென்றே தனிக் கடனுதவித் திட்டங்கள் உள்ளன. தவறான பிரிவைக் குறித்தால் அந்த வாய்ப்பு கைநழுவலாம். சென்ற ஆண்டின் விற்பனைக் கணக்கையும் பணியாளர் எண்ணிக்கையும் பார்த்த பிறகே பாரத்தை நிரப்புவது நல்லது.