இரவல் மனையிலிருந்து சொந்த மண்ணுக்கு: டெட்ராய்ட் ஏழைக் குடியிருப்புகளின் தோட்ட வரலாறு, 1894–2024

1894இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர் ஹேசன் பிங்ரி தன் குதிரையை ஏலத்தில் விட்டார். முந்தைய ஆண்டு தொடங்கிய பொருளாதார முடக்கத்தில் ஆலைகள் மூடிக்கிடந்தன. வேலையிழந்தவர்களில் போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் ஏராளம். நகரைச் சுற்றி, விலை ஏறட்டும் என்று உரிமையாளர்கள் சும்மா போட்டுவைத்திருந்த மனைகளை இரவல் வாங்கி, உழுது, விதைக்கிழங்கோடு அந்தக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பிங்ரியின் திட்டம். தேவாலயங்களில் திரட்டிய நன்கொடை கைச்செலவுக்கும் காணாது. குதிரை ஏலத்துக்குப் போனது அதனால்தான். செருப்பு ஆலை முதலாளியாக இருந்து மேயரான அவரை வசதிபடைத்தோர் கேலி செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டே சுமார் 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் உருளைக்கிழங்கும் அவரையும் டர்னிப்பும் விளைவித்தன. விளைச்சலின் மதிப்பு திட்டச் செலவைப் போல் மும்மடங்குக்கும் மேல். பஃபலோ, பிலடெல்பியா போன்ற நகரங்களும் இதைப் பின்பற்றின.

பிங்ரியைப் புகழ்வோர் சாதாரணமாகக் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. நிலம் இரவல் நிலம். கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. அந்த ஏற்பாட்டுக்கு உருளைக்கிழங்கு பொருத்தமான பயிர். நட்ட மூன்று நான்கு மாதத்தில் தோண்டி எடுத்துவிடலாம், நிலவறையில் போட்டால் குளிர்காலத்துக்கு ஆகும், மறு ஆண்டு அதே மண் நமக்குக் கிடைக்குமா என்ற கவலை இல்லை. தொழில் மீண்டும் சூடுபிடித்ததும் தோட்டங்கள் மறைந்தன. அமெரிக்க நகரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதிய லாரா லாசன், தன் 2005ஆம் ஆண்டு நூலில் இந்தப் போக்கை நாடு முழுவதும் காட்டுகிறார்: நெருக்கடி வந்தால் தோட்டம், நெருக்கடி தீர்ந்தால் கட்டடம். இதை ஏற்றுக்கொண்டே இக்கட்டுரை இன்னொன்றையும் சொல்ல முயல்கிறது. டெட்ராய்டில் இந்தச் சுழற்சியை முதலில் அசைத்தது சட்டமோ அரசியலோ அல்ல, இயற்கை வேளாண்மை கேட்ட கால அவகாசம்.

1931இல் மேயர் ஃபிராங்க் மர்ஃபி காலத்தின் சிக்கனத் தோட்டங்களும், இரண்டாம் உலகப் போரின் வெற்றித் தோட்டங்களும் பிங்ரி வழியில் வந்தவைதான். அவற்றில் இங்கு நின்று பேச அதிகமில்லை. மாறியது ஊர். மோட்டார் ஆலைகளை நம்பி அலபாமா, மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே வந்தார்கள். பருத்திக்காட்டு வாழ்க்கையை விட்டு ஓடிவந்தவர்கள், காலர்ட் கீரையும் வெண்டையும் வளர்க்கும் கைப்பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஆனால் 1950இல் 18.5 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 2010இல் 7.14 லட்சம் ஆயிற்று. ஆலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் போயின. வெள்ளையர் குடும்பங்கள் வெளியேறின. வரி கட்டாத வீடுகள் நகராட்சி வசம் வந்து இடிக்கப்பட்டன. நகரின் முதல் கறுப்பின மேயரான கோல்மன் யங், 1970களின் நடுவில் 'ஃபார்ம் எ லாட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். காலி மனையில் பயிரிட அனுமதிச் சீட்டு, விதை, உழுதுகொடுக்க டிராக்டர் எல்லாம் கிடைத்தன. நிலம் மட்டும் அப்போதும் இரவல்தான்.

இந்த இரவலுக்குள்தான் வேறொரு மரபு வேர்விட்டது. தெற்கில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் 'தோட்டக்காரத் தேவதைகள்' என்ற பெயரில் தெருத்தெருவாகத் தோட்டம் போட்டார்கள். அலபாமாவில் பிறந்த மோட்டார் ஆலைத் தொழிலாளி ஜேம்ஸ் பாக்ஸும், சீனப் பெற்றோருக்குப் பிறந்த தத்துவ அறிஞர் கிரேஸ் லீ பாக்ஸும் 1992இல் தொடங்கிய 'டெட்ராய்ட் சம்மர்' இளைஞர்களை அந்த முதியவர்களிடம் கொண்டுசேர்த்தது. 1929 முதல் ஏழைகளுக்குச் சோறு போட்டுவரும் கப்புச்சின் துறவிகளின் உணவுக்கூடத்தை ஒட்டி, 1997இல் 'எர்த்வொர்க்ஸ்' தோட்டம் உருவானது. பிற்காலத்தில் இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்ற தோட்டம் இது.

இத்தகைய காலி மனைகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வீட்டு மனை ஏறக்குறைய 30 அடி அகலம், 100 அடி நீளம். நம் கணக்கில் ஏழு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. வீட்டை இடித்தவர்கள் செங்கல்லையும் அடித்தளத் துண்டுகளையும் குழியிலேயே தள்ளி மேலே மண் போட்டு மூடியிருப்பார்கள். கடப்பாரை ஓரடிக்குள் கல்லில் முட்டும். அதைவிட மோசம் ஈயம். 1978இல் தடைசெய்யப்படும் வரை வீடுகளுக்குப் பூசிய பெயின்டிலிருந்தும், பெட்ரோல் புகையிலிருந்தும் மண்ணில் படிந்தது அது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே முதலில் மண் பரிசோதனை. பிறகு பலகை அடைத்த மேட்டுப்பாத்தி. அதில் மட்கிய இலையும் தொழுவுரமும் கலந்த மண். அக்டோபரில் ஊன்றிய பூண்டு பனிக்கடியில் கிடந்து ஜூலையில்தான் கைக்கு வரும். பாலித்தீன் போர்த்திய வளைவுக் குடில்கள் கீரைப் பருவத்தைக் குளிர்காலத்துக்குள்ளும் இழுத்துச் செல்கின்றன. இப்படிச் செத்த மண்ணை உயிர்ப்பிக்க நாலைந்து ஆண்டுகளாவது பிடிக்கும். ஓராண்டு அனுமதிச் சீட்டை நம்பி யார் இந்த வேலையைச் செய்வார்கள்? ரசாயன உரமென்றால் பலன் அந்தப் பருவத்திலேயே தெரிந்துவிடும். மட்கு உரம் போடுகிறவரோ வருங்கால ஆண்டுகளுக்குச் சேர்த்து உழைக்கிறார். நிலத்தில் நீடித்த உரிமை வேண்டும் என்ற கோரிக்கை இந்தப் பாத்திகளிலிருந்துதான் வலுப்பெற்றது என்பது என் கணிப்பு.

அந்தக் கோரிக்கையை வெளிப்படையான அரசியலாக்கியது 2006இல் தொடங்கிய டெட்ராய்ட் கறுப்பினச் சமூக உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு. அதன் நிறுவனர்களில் ஒருவரான மலிக் யாகினி பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரில் உணவு இயக்கத்தை வெளியிலிருந்து வந்த வெள்ளையர்கள் நடத்துவதா என்ற கேள்வியை அவர்கள் ஒளிக்காமல் கேட்டார்கள். 2008இல் ரூஜ் பூங்காவில் நகராட்சியோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு 'டி-டவுன்' பண்ணையை அமைத்தார்கள். இரண்டு ஏக்கரில் தொடங்கியது பிறகு ஏழு ஏக்கராக விரிந்தது. இந்த முயற்சிகளை ஆராய்ந்த சமூகவியலாளர் மோனிகா வைட், 1960களின் இறுதியில் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் நடத்திய கூட்டுறவுப் பண்ணையோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார். வாக்குரிமைக்காகப் போராடியதற்காகத் தோட்ட முதலாளியால் துரத்தப்பட்டவர் ஹேமர்; நிலமில்லாதவன் வாக்கும் பறிபோகும் என்பதை அனுபவித்து அறிந்தவர். டெட்ராய்டின் கதையைப் பிங்ரியிடமிருந்து மட்டும் தொடங்குவது ஏன் போதாது என்பதற்கு இதுவே சான்று.

2012 டிசம்பரில் நகர மன்றம், சுமார் 1,500 மனைகளை, ஏறக்குறைய 140 ஏக்கரை, ஹான்ட்ஸ் என்ற செல்வந்தரின் நிறுவனத்துக்கு மரம் வளர்க்க விற்க முடிவு செய்தது. ஆதரவு 5, எதிர்ப்பு 4. மனைக்குச் சராசரி விலை சுமார் 300 டாலர்தான். ஆண்டுக்கணக்கில் பக்கத்து மனையைச் செப்பனிட்டு, விலைக்குக் கேட்டு நடையாய் நடந்தவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. நகர வேளாண்மையை முறைப்படி அனுமதிக்கும் சட்டம் 2013இல் வந்தது; அதுவரை விற்பனைக்குப் பயிரிட்ட தோட்டங்களுக்கு நகரின் நிலப் பயன்பாட்டு விதிகளில் இடமே இல்லை. அதே ஆண்டு நகராட்சி திவாலானது.

இந்தத் தோட்டங்களால் ஊருக்கு உண்மையில் எவ்வளவு உணவு கிடைக்கும்? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொலசாந்தியும் ஹாமும் 2010இல் கணக்கிட்டார்கள். பொதுவுடைமையில் இருந்த காலி நிலம் 4,848 ஏக்கர். அதில் ஒரு பகுதியைத் தீவிரமாகப் பயிரிட்டு, குடிலும் சேமிப்புக் கிடங்கும் இருந்தால், மக்கள் உண்ணும் காய்கறியில் 76 சதவீதமும் பழத்தில் 42 சதவீதமும் உள்ளூரிலேயே விளையக்கூடும். அரிசி, கோதுமை, எண்ணெய் இதில் சேராது. ஆகவே முழுத் தன்னிறைவு என்று பேசுவது மிகை. ஆனால் 2007இல் ஃபார்மர் ஜாக் மூடப்பட்ட பின் பெரிய மளிகைச் சங்கிலிக் கடை ஒன்றுமில்லாமல் இருந்த ஊரில், வீட்டு வாசலில் முளைக்கும் கீரைக்கு வேறு மதிப்பு.

2020இல் மூன்று தோட்ட அமைப்புகள் சேர்ந்து கறுப்பின விவசாயிகளுக்கான நில நிதியைத் தொடங்கின. திரளும் பணம், அவர்கள் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த மனைகளை விலைக்கு வாங்க உதவியது. அந்த முயற்சியில் முன்னின்ற டெப்ஃபிரா ருஷ்டானை 2023இல் நகராட்சி தன் முதல் நகர வேளாண் இயக்குநராக நியமித்தது. யாகினியின் வலையமைப்பு பல ஆண்டு உழைத்து உருவாக்கிய கூட்டுறவு மளிகைக் கடை 2024 மே மாதம் வுட்வர்ட் அவென்யூவில் திறந்தது; அதன் உறுப்பினர்கள் கடைக்கு உரிமையாளர்கள். டி-டவுன் பண்ணை இருக்கும் ரூஜ் பூங்கா மட்டும் நகராட்சியின் சொத்தாகவே இருக்கிறது.