அம்பாசிடரும் மாருதி 800-உம்

அம்பாசிடர், மாருதி 800 ஆகியவை இந்தியச் சாலைப் போக்குவரத்தின் இரு வேறு காலங்களைக் குறிக்கும் மகிழுந்துகள். முன்னது பின்புறம் தனிச் சரக்கறை கொண்ட பெரிய செடான். பின்னது பின்கதவு உள்ள சிறிய ஹேட்ச்பேக். சிறிய கார் வந்து பெரியதை வீழ்த்தியது என்பர். ஆனால் 2014-இல் நான்கு மாத இடைவெளியில் இரண்டின் உற்பத்தியும் நின்றது. முதலில் நின்றது சிறிய காரே.

பெரிய கார்

பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் அம்பாசிடரைத் தயாரிக்கத் தொடங்கியது. அன்று கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. உள்நாட்டில் எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதையும் அரசின் உரிமமே வரையறுத்தது. மும்பையின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவையே முக்கியப் போட்டியாளர்கள். பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். செய்த கார் எப்படியும் விற்றதால் அதை மாற்றியமைக்க நெருக்கடி எழவில்லை.

எனினும் அது உழைக்கும் வண்டி. பின்புறப் பட்டைவில்கள் மேடு பள்ளங்களைத் தாங்கின. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டை ஒட்டி இருந்ததால், முன்னிருக்கையிலும் மூவர் அமர முடிந்தது. சிற்றூர் மெக்கானிக்கும் பழுது பார்க்கலாம். அமைச்சர்களின் வெள்ளைக் காராகவும் வாடகைக் காராகவும் ஒரே வண்டி ஓடியதற்கு இவையே காரணம்.

சிறிய கார்

1981-இல் அரசு நிறுவனமாக உருவான மாருதி உத்யோக், 1982-இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அறிமுக விலை சுமார் 50,000 ரூபாய்.

அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், மாருதி 800-இன் நீளம் சுமார் 3.3 மீட்டர். முன்னதில் நான்கு சிலிண்டர், 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், பின்னதில் மூன்று சிலிண்டர், 796 கன செ.மீ. எஞ்சின். அம்பாசிடரில் எஞ்சினின் ஆற்றல் நீண்ட சுழல்தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சென்றது. மாருதியில் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டு முன்சக்கரங்களை இயக்கியது. சுழல்தண்டு இல்லாததால் எடை குறைந்தது. சிறிய உடலுக்குள்ளும் நால்வருக்கு இடம் கிடைத்தது. எரிபொருளும் மிச்சமானது. ஓட்டுநர் வைத்துக்கொள்ளும் வசதி இல்லாத நடுத்தரக் குடும்பங்கள் தாமே கார் ஓட்டத் தொடங்கின.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

2010 முதல் பெருநகரங்களில் கடுமையான புகை விதிகள் வந்தபோது, மாருதி 800 அங்கு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2014 சனவரியில் உற்பத்தியும் நின்றது. அதற்குள் அதே நிறுவனத்தின் ஆல்டோ அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

இந்துஸ்தான் மோட்டார்ஸிடம் அப்படியொரு வாரிசு இல்லை. 2013-14 நிதியாண்டில் சுமார் 2,200 அம்பாசிடர்களே விற்றன. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பியூஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.

போட்டியற்ற சந்தை அம்பாசிடருக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. அடுத்த காரை உருவாக்க வேண்டிய காலத்தையும் அதுவே கடத்திவிட்டது. அதன் இழப்பை இறுதியில் சுமந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள்.