வீண் செலவை கண்டுபிடித்தால் அரசு ஊழியருக்கு பரிசு: அமெரிக்காவின் திட்டம் சொல்வது என்ன? முழு விளக்கம்

அரசுப் பணம் எங்கே வீணாகிறது என்பது யாருக்கு நன்றாகத் தெரியும்? அமைச்சருக்கா, தணிக்கை அதிகாரிக்கா? இரண்டு பேரையும் விட, தினமும் அதே அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஊழியருக்குத்தான் தெரியும். பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கும் புது கம்ப்யூட்டர், யாருமே படிக்காத அச்சுப் பிரதி, தேவையே இல்லாமல் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம்... எல்லாமே அவர் கண் முன்னால் நடப்பவை.

அப்படியானால் அவர் ஏன் வாயைத் திறப்பதில்லை? பேசினால் அவருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா பல வருடங்களாக சட்டம் போட்டு பதில் தேடி வருகிறது. அது என்ன சட்டம், எப்படி வேலை செய்கிறது, சிக்கல் எங்கே இருக்கிறது? பார்க்கலாம்.

செலவு செய், இல்லைன்னா போச்சு!

முதலில் பிரச்சனையின் வேரைப் புரிந்துகொள்வோம். அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கி செப்டம்பர் 30ல் முடிகிறது. ஒரு துறைக்கு அந்த ஆண்டு செலவுக்காக ஒதுக்கப்படும் பணத்தில் பெரும்பகுதியை, செப்டம்பர் 30க்குள் பயன்படுத்தியாக வேண்டும். மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டு புதிய செலவுக்கு எடுக்க முடியாது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. 'போன வருஷம் பணம் மிச்சமாச்சே, அப்போ இந்த வருஷம் குறைச்சு கொடுத்தா போதுமே' என்று ஒதுக்கீட்டையே வெட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் அது. விளைவு, கடைசி வாரத்தில் அவசர அவசரமாக வாங்கிக் குவிப்பது.

இது வெறும் பேச்சு இல்லை. ஜெஃப்ரி லீப்மேன், நீல் மஹோனி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க அரசின் கொள்முதல் தரவுகளை ஆராய்ந்து 2017ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நிதியாண்டின் கடைசி வாரத்தில் நடக்கும் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு இருப்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கடைசி வாரத்தில் தொடங்கப்பட்ட ஐ.டி. திட்டங்களின் தரமும் கணிசமாகக் குறைந்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊழியர்கள் சொல்லும் நல்ல யோசனைகளுக்கு ரொக்கப் பரிசு தரும் சட்டம் அமெரிக்காவில் 1954லேயே வந்துவிட்டது. 1981ல் இன்னொரு படி முன்னே போனார்கள். மோசடி, வீண் செலவு, நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றை ஒரு ஊழியர் தன் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் தெரிவித்து, அதனால் அரசுக்குப் பணம் மிச்சமானால் அவருக்குப் பரிசு தரலாம் என்று சட்டம் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்பவர் துறைக்குள்ளேயே இருந்து தணிக்கையும் விசாரணையும் நடத்தும் சுதந்திரமான அதிகாரி.

பரிசு எவ்வளவு? மிச்சமான தொகையில் 1 சதவீதம் அல்லது 10,000 டாலர், இதில் எது குறைவோ அது.

உதாரணத்துக்கு, உங்கள் தகவலால் 3 லட்சம் டாலர் மிச்சமானால் அதிகபட்சம் 3,000 டாலர் கிடைக்கும். 50 லட்சம் டாலர் மிச்சமானால் 1 சதவீதம் என்பது 50,000 டாலர். ஆனால் கைக்கு வருவது 10,000 டாலர்தான். ஜனாதிபதி நேரடியாக 20,000 டாலர் வரை பரிசு தரவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பரிசு 'தரலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒபாமா நடத்திய போட்டி

2009ல் அப்போதைய ஜனாதிபதி பராக் ஒபாமா 'சேவ் விருது' என்ற போட்டியை அறிவித்தார். எந்த மத்திய அரசு ஊழியரும் சிக்கன யோசனை அனுப்பலாம். முதல் ஆண்டிலேயே 38,000க்கும் மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. ஜெயிப்பவருக்கு ரொக்கம் கிடையாது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியைச் சந்திக்கலாம், யோசனை பட்ஜெட்டில் இடம்பெறும்.

முதல் ஆண்டு ஜெயித்தவர், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறையில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது, பாதி பயன்படுத்திய இன்ஹேலர், கண் சொட்டு மருந்து போன்றவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் அதே மருந்தைப் புதிதாகக் கொடுக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். 'இருக்கிற மருந்தையே கொடுத்து அனுப்பலாமே' என்றார். அவ்வளவுதான் யோசனை! 2014க்குள் இதனால் 1.45 கோடி டாலர் மிச்சமாகும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜெயித்தது சிறைத்துறை ஊழியர் ஒருவர். அரசிதழ் இணையத்திலேயே கிடைக்கும்போது, ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு அச்சுப் பிரதியைத் தபாலில் அனுப்புவது எதற்கு என்று கேட்டார். 2011ல் நாசா ஊழியர் ஒருவர் சொன்னது, விலை உயர்ந்த கருவிகளை ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாக வாங்காமல், நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை.

இவை எதற்கும் பெரிய நிபுணர் குழு தேவைப்படவில்லை. அந்த இடத்தில் நின்று வேலை பார்த்தவரின் கண் போதுமானதாக இருந்தது.

மிச்சப் பணத்துக்கும் பரிசு

மோசடியும் சீர்கேடும் ஒரு பக்கம். 'இந்தப் பணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை' என்று உண்மையைச் சொல்பவருக்கு என்ன கிடைக்கும்? இந்த இடைவெளியை நிரப்பத்தான் குடியரசுக் கட்சி செனட்டர் ராண்ட் பால், ஜனநாயகக் கட்சி செனட்டர் மார்க் வார்னர் ஆகியோர் சேர்ந்து ஒரு மசோதாவை முன்வைத்தார்கள். தேவைக்கு மேல் இருக்கும் நிதியை அடையாளம் காட்டும் ஊழியருக்கும் பரிசு, திரும்பி வரும் பணத்தில் பற்றாக்குறையைக் குறைப்பது என்பதே அதன் சாரம். எதிரெதிர் கட்சிக்காரர்கள் கைகோத்ததால் இது கவனம் பெற்றது.

சிக்கல் எங்கே?

கேட்க நன்றாக இருந்தாலும் சில நியாயமான கேள்விகள் இருக்கின்றன.

1. வேலையே அதுதானே? சிக்கனம் ஊழியரின் கடமை, அதற்குத் தனிப் பரிசு எதற்கு என்பது ஒரு வாதம். குறிப்பாக பட்ஜெட் போடும் அதிகாரிக்கே பரிசு என்றால், முதலில் அதிகமாகக் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு 'மிச்சம் பிடித்தேன்' என்று காட்டலாம்.

2. எது வீண்? பேரிடருக்காக இருப்பு வைத்த மருந்து, எதுவும் நடக்காத வருடத்தில் வீணாகத்தான் தெரியும். அவசியமான செலவை வெட்டினால் நஷ்டம் மக்களுக்குத்தான்.

3. பயம்: இதுதான் பெரியது. உங்கள் தகவலால் மேலதிகாரியின் பட்ஜெட் குறைகிறது. நாளைக்கும் அவர் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர், பதவி உயர்வு எல்லாம் அவர் கையில். 10,000 டாலருக்காக யார் ரிஸ்க் எடுப்பார்கள்? அதனால்தான் தகவல் சொல்பவரைப் பழிவாங்கத் தடை விதிக்கும் தனிச் சட்டம் 1989ல் கொண்டுவரப்பட்டது.

இந்தியாவில் நிலை என்ன?

நம்ம ஊரில் இதற்குப் பெயர் 'மார்ச் மாத அவசரம்'. நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 தெளிவாகவே சொல்கின்றன. கடைசி காலாண்டில் பட்ஜெட் மதிப்பீட்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்தது. இவை மேலிருந்து வரும் கட்டுப்பாடு. கீழிருந்து குரல் கொடுப்பவரைக் காக்க 2014ல் ஒப்புதல் பெற்ற தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ, அதன் பிறகு பல ஆண்டுகள் அமலுக்கு வராமலே கிடந்தது.

அப்போ தீர்வு பரிசா?

பரிசு மட்டும் போதாது என்பதைத்தான் மேலே சொன்ன அதே ஆய்வு காட்டுகிறது. அமெரிக்க நீதித்துறைக்கு மட்டும், செலவாகாத பணத்தை அடுத்த ஆண்டு ஐ.டி. தேவைக்கு வைத்துக்கொள்ளும் சிறப்பு அனுமதி உண்டு. அங்கே ஆண்டு இறுதியில் தரம் சரியவில்லை!

ஆக, மூன்று விஷயங்கள் சேர வேண்டும். மிச்சம் பிடித்த துறைக்கு அடுத்த வருடம் தண்டனை இருக்கக் கூடாது. தகவல் சொன்னவருக்குப் பாதுகாப்பு வேண்டும். அதற்குப் பிறகுதான் பரிசு. முதல் இரண்டும் இல்லாத இடத்தில், எவ்வளவு பெரிய பரிசு அறிவித்தாலும் ஊழியர் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று பேசாமல்தான் இருப்பார். குப்பைக்குப் போகும் மருந்துக்கு பில் கட்டுவது நாமாகத்தான் இருப்போம்.